எட்டாத அறையில் கட்டுப்பாடும் எட்டாது

ரவுட்டர் வாங்கக் கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு குறைகளோடு போகிறார். கடைசி பெட்ரூமில் சிக்னல் வருவதில்லை என்பது ஒன்று. பிள்ளை ராத்திரி பன்னிரண்டு மணி தாண்டியும் போனைக் கீழே வைப்பதில்லை என்பது இன்னொன்று. கடைக்காரர் இரண்டையும் கேட்டுவிட்டு ஒரே பெட்டியை எடுத்து மேஜைமேல் வைப்பார். ஆறு ஆன்டெனா, அட்டையில் கொட்டை எழுத்தில் ஒரு எண், பக்கத்தில் 'பேரண்டல் கன்ட்ரோல்' என்று ஒரு முத்திரை. இரண்டு குறையையும் ஒன்றாகப் பார்ப்பதில் தவறில்லை. அவை உண்மையிலேயே ஒன்றோடொன்று பிணைந்தவைதான். ஆனால் பிணைப்பு இருப்பது பெட்டிக்குள் அல்ல, வீட்டுக்குள். மூலை அறையில் வைஃபை தடுமாறினால் பிள்ளை என்ன செய்யும்? திரையை மேலிருந்து ஒரு இழுப்பு இழுத்து மொபைல் டேட்டாவைத் தட்டிவிடும். அந்த நொடியிலிருந்து ரவுட்டரில் எழுதிவைத்த எந்த விதியும் அந்தப் போனைத் தொடாது. பத்து மணிக்கு நெட்டை நிறுத்தும் அட்டவணை, ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வடிகட்டி எல்லாமே ரவுட்டர் வழியாகப் போகும் போக்குவரத்துக்கு மட்டும்தான் செல்லும். ஆகவே சிக்னலைச் சரிசெய்யாமல் கட்டுப்பாட்டுக்குக் காசு கொடுப்பது வீண் செலவு. சிக்னலைச் சரிசெய்யவோ விலையுயர்ந்த ரவுட்டரைவிடச் சரியான இடமும் சில மீட்டர் லேன் கேபிளும் அதிகம் உதவும்.

வைஃபைக்குத் தூரத்தைவிடச் சுவர்தான் பெரிய எதிரி. 'மூவாயிரம் சதுர அடி வரை எட்டும்' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்கியவர்கள் ஆயிரத்து இருநூறு சதுர அடி வீட்டிலேயே திணறுவதற்குக் காரணம், அந்தக் கணக்கு நம் வீட்டைப் பார்த்துப் போட்டதல்ல. அமெரிக்காவில் வீட்டின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தின்மேல் ஜிப்சம் பலகை அடித்தது. அலை அதைப் பெரிதாகச் சட்டை செய்வதில்லை. நம் ஊரில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இருபுறமும் சிமென்ட் பூச்சு, தலைக்கு மேலே கம்பி கட்டிய காங்கிரீட் தளம், நடுவே பீம். அமெரிக்க அரசின் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 1997-இல் கட்டுமானப் பொருட்களை ஒவ்வொன்றாக வைத்து அலை எவ்வளவு தேய்கிறது என்று அளந்து வெளியிட்டது. காங்கிரீட் கனக்கக் கனக்க, அலையின் அதிர்வெண் ஏற ஏற, இழப்பு கடுமையாகக் கூடுகிறது என்பது அந்த அளவீடுகளில் பளிச்சென்று தெரியும். இதைக் கணக்கிடும் டெசிபெல் அளவுகோலில் 10 டெசிபெல் இழப்பு என்றால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். 20 என்றால் நூறில் ஒரு பங்கு. இரண்டு சுவரும் ஒரு தளமும் குறுக்கே வந்தால் மிஞ்சுவது என்ன என்று நினைத்துப் பார்க்கலாம்.

இங்கேதான் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளின் வித்தியாசம் வேலை செய்கிறது. 2.4 சுவரைத் தாண்டி ஓரளவு போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீடு, எதிர்வீடு, மேல்வீடு எல்லாம் அந்த மூன்றுக்குள் முட்டி மோதும். போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இந்தியாவில் 2018 அக்டோபரில் அரசு அந்த அலைவரிசையின் பெரும்பகுதியை உரிமம் இல்லாமலே பயன்படுத்தத் திறந்துவிட்டது. வேகமும் அங்கேதான் கிடைக்கும். ஆனால் சுவரைக் கண்டால் அது சுருண்டுவிடும். அதற்கும் மேலே உள்ள 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியைத் திறப்பதற்கான வரைவு விதிகளை அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. புதிய ரவுட்டர் விளம்பரங்களில் அது பெரிதாகப் பேசப்படும். அது சுவருக்கு இன்னும் கூச்சப்படும் அலை. கடைசி பெட்ரூம் குறையை அது தீர்க்காது.

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர் தெருக் கம்பத்திலிருந்து ஒயரை இழுத்து, ஜன்னல் ஓரம் ஒரு துளை போட்டு, உள்ளே முதலில் கிடைக்கும் பிளக் பாயின்ட் பக்கத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். அவர் வேலை அத்தோடு முடிந்தது. விளைவு, சிக்னலில் பாதி தெருவுக்குப் போகிறது. மீதிப் பாதியை டிவியின் பின்பக்கமோ, ஷோகேஸோ, இரும்பு பீரோவோ தின்கிறது. மீன் தொட்டியும் ஆளுயரக் கண்ணாடியும்கூடக் கணிசமாக மறைக்கும். புது ரவுட்டர் வாங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, இருக்கிற பெட்டியை வீட்டின் நடுப்பகுதிக்கு, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, திறந்த இடத்துக்குக் கொண்டுவருவது. மாடி வீடு என்றால் படிக்கட்டுக்கு அருகே வைப்பது நல்லது. காங்கிரீட் தளத்தில் அலை நுழைய உள்ள திறப்பு அது ஒன்றுதான். லாஃப்ட்டின் மேல் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ரவுட்டரைச் சொருகிவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டாலே சில வீடுகளில் செலவே இல்லாமல் காரியம் முடிந்துவிடும்.

'அதிக ஆன்டெனா உள்ளதை வாங்கினால் தூரம் போகாதா?' என்று கேட்கலாம். ஆன்டெனா புதிதாக ஆற்றலை உண்டாக்குவதில்லை. இருப்பதை ஒரு திசையில் குவிக்கிறது. நேராக நிமிர்த்திய ஆன்டெனா பக்கவாட்டில் அதிகமும் மேலும் கீழும் குறைவாகவும் அனுப்பும். மாடிக்கு வேண்டுமென்றால் ஒன்றைக் கிடைமட்டமாகச் சாய்த்துப் பார்க்கலாம். அதைவிட முக்கியமான விஷயம், வைஃபை என்பது வானொலி ஒலிபரப்பு மாதிரி ஒருவழிப் பேச்சு இல்லை. ரவுட்டர் பேசுவது போனுக்குக் கேட்க வேண்டும், போன் பேசுவதும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். சிறிய பேட்டரியில் ஓடும் போன் அனுப்பும் ஆற்றல் ரவுட்டரைவிடக் குறைவு. ரவுட்டரின் குரலை எவ்வளவு உயர்த்தினாலும் போனின் குரல் அங்கே போய்ச் சேராது. அதனால்தான் சில அறைகளில் சிக்னல் கோடுகள் நிறையத் தெரியும், ஆனால் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு மட்டும் உறைந்துபோய் நிற்கும். ரவுட்டர் எவ்வளவு சக்தியோடு ஒலிபரப்பலாம் என்பதற்குச் சட்ட வரம்பும் உண்டு. எந்த நிறுவனமும் அதை ஆன்டெனா எண்ணிக்கையால் தாண்டிவிட முடியாது.

போன் காட்டும் கோடுகளை நம்பாமல் அளந்து பார்ப்பது நல்லது. ஆண்ட்ராய்டு போனில் 'வைஃபை அனலைசர்' வகை ஆப் ஒன்றைப் போட்டு அறை அறையாக நடந்தால் மைனஸ் குறியோடு ஒரு எண் வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தடையின்றிப் போகும். மைனஸ் 75 தாண்டினால் திணறல் ஆரம்பம்; 80-க்கு அப்பால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். பிள்ளை படிக்கிற மேஜை, படுக்கிற கட்டில், டிவி இருக்கிற இடம், இந்த மூன்றிலும் அறைக் கதவைச் சாத்திவிட்டு எடுத்த எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகிறவரிடம் யாரும் வேண்டாததை விற்க முடியாது.

அட்டையில் உள்ள எண்ணுக்கு வருவோம். ஏசி1200 என்றால் நொடிக்கு 1200 மெகாபிட் வேகம் என்று நினைப்போம். அது 2.4-இல் 300, 5-இல் 867 என்ற இரண்டு உச்சங்களைக் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்டது. ஒரு போன் ஒரு நேரத்தில் பொதுவாக இவற்றில் ஒன்றில்தான் இருக்கும். ஏஎக்ஸ்3000 என்பதும் 574-ஐயும் 2402-ஐயும் கூட்டிய கணக்குதான். அந்த 2402 கிடைக்கச் சேனல் இரட்டிப்பு அகலமாக இருக்க வேண்டும், எதிரில் உள்ள போனும் அதற்கு ஒத்துவர வேண்டும்; பல போன்கள் பாதி அகலத்தோடு நின்றுவிடுகின்றன. இதில் இன்னொரு வேடிக்கை. ஏசி1200 என்று எழுதிய மலிவு ரவுட்டர்கள் பலவற்றின் பின்பக்கம் உள்ள லேன் துளைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காதவை. 300 மெகாபிட் ஃபைபர் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு வாசலிலேயே 94-95-ஆக வடிகட்டி உள்ளே விடுகிற ஏற்பாடு அது. பெட்டியின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் 'கிகாபிட்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது லாபம். அதே சமயம் வேகத்தைப் பற்றி ரொம்பவும் கவலைப்பட வேண்டியதில்லை. 4கே தரத்தில் படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது நொடிக்கு 15 மெகாபிட்தான். வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலும் 100 மெகாபிட் இணைப்பு தாங்கும். குறை வேகத்தில் இல்லை, அது எட்டுகிற தூரத்தில்தான். வைஃபை 6 வகையில் நடுத்தர விலை ரவுட்டர் ஒன்று சாதாரணக் குடும்பத்துக்குப் போதும். 2024-இல் வந்த வைஃபை 7-க்காக இரண்டு மடங்கு கொடுப்பது பெருமைக்குச் செய்கிற செலவு.

இடம் மாற்றியும் எட்டவில்லை என்றால் மூன்று வழிகள். மலிவானது, பிளக்கில் சொருகும் எக்ஸ்டெண்டர். ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புவதால் ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது, வேகம் பாதியாகிறது. மேலும் சிக்னல் இல்லாத அறையிலேயே கொண்டுபோய் அதைச் சொருகுவோம். இல்லாத சிக்னலை எடுத்து அது எதைப் பரப்பும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக உள்ள இடத்தில் சொருக வேண்டும். ஆனால் பெற்றோருக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பல எக்ஸ்டெண்டர்கள் தம்மோடு இணையும் போன்களின் அடையாள எண்ணை மாற்றித்தான் பிரதான ரவுட்டரிடம் காட்டுகின்றன. ஹாலில் 'மகனின் போன்' என்று பெயர் வைத்து விதி எழுதியிருப்பீர்கள். அவன் மாடி அறைக்குப் போனதும் ரவுட்டரின் கண்ணுக்கு அது முகம் தெரியாத வேறொரு கருவி. சிக்னலை நீட்டினோம் என்று நினைத்து, கட்டுப்பாட்டில் ஓட்டை போட்டிருக்கிறோம்.

இரண்டாவது வழி மெஷ். ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே ஆப்பின் கீழ் இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து வேலை செய்யும். 2016 வாக்கில் ஈரோ, கூகுள் வைஃபை மூலம் வீடுகளுக்குப் பரவிய இந்த முறை இப்போது டிபி-லிங்க் டெக்கோ போன்ற வரிசைகளால் நடுத்தர விலைக்கு இறங்கியிருக்கிறது. எந்தப் பெட்டியோடு இணைந்திருந்தாலும் போன் ஒரே பெயரில்தான் தெரியும் என்பதால் விதி பிள்ளையோடு கூடவே அறைக்கு அறை நகரும். கட்டுப்பாடு வேண்டும் என்கிறவருக்கு எக்ஸ்டெண்டரைத் தள்ளிவிட்டு மெஷ்ஷை எடுக்க இது ஒன்றே போதுமான காரணம். ஆனால் மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் காற்றில் பேசிக்கொண்டால் அங்கேயும் அதே செங்கல் சுவர்தான் குறுக்கே நிற்கும். ஆகவே மூன்றாவது வழி, மெஷ் பெட்டிகளை லேன் கேபிளால் இணைப்பது. சுவரும் தளமும் கேபிளை ஒன்றும் செய்யாது. கேட்5ஈ கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைக் கொண்டுபோகும். எந்த வீட்டுக்கும் அது போதும். கடையில் கேட்கும்போது 'முழுச் செம்பு' என்று வற்புறுத்திக் கேட்க வேண்டும். அலுமினியக் கம்பிமேல் செம்பு முலாம் பூசியதைப் பாதி விலைக்குத் தருவார்கள். சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், வளைத்தால் சீக்கிரம் முறியும், நீண்ட தூரத்தில் வேகம் சரியும்.

வாடகை வீட்டில் சுவரை உடைக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. உடைக்க வேண்டியதில்லை. சுவரின் அடியோரத்தில் பிளாஸ்டிக் கேசிங் பட்டி அடித்து அதற்குள் கேபிளை ஓட்டலாம். கேபிள் டிவிக்காக ஏற்கெனவே புதைத்த பைப் பல வீடுகளில் காலியாகவோ, பயன்படாத ஒயரோடோ கிடக்கிறது. எலக்ட்ரீஷியன் அந்தப் பழைய ஒயரின் முனையில் புதுக் கேபிளைக் கட்டி இழுத்துவிடுவார். அதே பைப்பில் மின்சார ஒயர் போகிறதென்றால் மட்டும் வேண்டாம். புது வீடு கட்டுகிறவர்கள் ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒரு லேன் பாயின்ட்டுக்குப் பைப் போட்டுவிட்டால் பிறகு வருந்த வேண்டியதில்லை. மாடுலர் சுவிட்சுக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். எதுவுமே முடியாதென்றால், பெட்டிகளுக்கு இடையே பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை வைத்திருக்கும் டிரைபேண்ட் மெஷ் வாங்கலாம். விலை கூடும். அந்தக் கூடுதல் விலை கேபிள் இல்லாத குறைக்குக் கட்டும் அபராதம்.

சிக்னல் எட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்பாடு வேலை செய்ய இன்னொரு நிபந்தனை இருக்கிறது: வீட்டிலிருந்து இன்டர்நெட்டுக்குப் போகும் வாசல் ஒன்றாக இருக்க வேண்டும். பலர் புது ரவுட்டர் வாங்கி, ஃபைபர் நிறுவனம் கொடுத்த பெட்டியின் பின்னால் சொருகி, அதில் விதிகளை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பழைய பெட்டியின் வைஃபை அணைக்கப்படாமல் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அதன் பாஸ்வேர்டு பிள்ளைக்கு மனப்பாடம். எனவே புது ரவுட்டர் வந்த அன்றே பழைய பெட்டியின் வைஃபையை அணைக்க வேண்டும், அதன் நிர்வாகப் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும், டிவியோ கேம் பெட்டியோ அதில் கேபிளில் நேரடியாகச் சொருகியிருந்தால் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். இதே இடத்தில் இன்னொரு தவறும் நடக்கும். பொருத்த வருகிறவர் புது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் போட்டுவிடுவார், அவருக்கு அது சுலபம். அந்த முறையில் பெரும்பாலான ரவுட்டர்களில் பெற்றோர் கட்டுப்பாடு செயல்படாது. 'ரவுட்டர்' முறையிலேயே வைக்கச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் பெட்டியை, இணைப்பை அப்படியே கடத்திவிடும் 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றித் தந்தால் உத்தமம். மாற்றித் தர மறுத்தாலும் பெரிய நஷ்டமில்லை. சில ஆன்லைன் விளையாட்டுகளும், வெளியூரிலிருந்து வீட்டு சிசிடிவியைப் பார்ப்பதும் மட்டும் தகராறு செய்யலாம்.

இனி, ரவுட்டரால் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது? விளம்பரங்கள் மறைப்பது இதைத்தான். இன்று இணையப் போக்குவரத்து பெரும்பாலும் மறையாக்கம் செய்யப்பட்டது. பிள்ளை யூடியூப்புக்குப் போகிறது என்பது ரவுட்டருக்குத் தெரியும். அங்கே கணிதப் பாடம் பார்க்கிறதா, கண்டதையும் பார்க்கிறதா என்பது தெரியாது. பெரும்பாலான ரவுட்டர்களின் வடிகட்டி செய்வது டிஎன்எஸ் நிலையிலேயே, அதாவது ஒரு தளத்தின் பெயருக்கு முகவரி கேட்கும்போதே, 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லிவிடுவது. இதைச் செய்யச் சந்தா தேவையில்லை. கிளவுட்ஃபிளேர் 2020 ஏப்ரலில் தொடங்கிய 1.1.1.3 என்ற டிஎன்எஸ் முகவரியை ரவுட்டரில் எழுதினால் ஆபாசத் தளங்களும் தீம்பொருள் தளங்களும் வீடு முழுவதற்கும் அடைபடும். ஓபன்டிஎன்எஸ் நிறுவனமும் இதேபோல் இலவசமாகத் தருகிறது. பெரும்பாலான ரவுட்டர்களில் இது சாத்தியம். ஆனால் இதை மீறுவதும் கடினமில்லை. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் போனிலேயே 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற வசதி இருக்கிறது. வேறொரு பெயரை அங்கே எழுதினால் ரவுட்டரின் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். விபிஎன் ஆப் ஒன்று போதும், எல்லாமே கண்ணை விட்டு மறைந்துவிடும். எட்டாம் வகுப்பு தாண்டிய பிள்ளைக்கு இவை தெரியாது என்று நினைப்பது பெற்றோரின் நம்பிக்கை மட்டுமே.

நேரக் கட்டுப்பாடு அப்படியல்ல. பத்து மணிக்கு இணைப்பையே நிறுத்திவிட்டால் எந்த விபிஎன்னும் அதைத் தாண்டாது, ஏனென்றால் விபிஎன் போவதற்கும் இணைப்பு வேண்டும். ரவுட்டரிடம் 'எதைப் பார்க்கலாம்' என்ற கேள்வியை ஒப்படைத்தால் அது அரைகுறையாகச் செய்யும். 'எப்போது' என்ற கேள்வியை ஒப்படைத்தால் ஒழுங்காகச் செய்யும். ஆகவே ரவுட்டர் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை வகைத் தளங்களை வடிகட்டும் என்ற பட்டியலைவிட, பிள்ளைக்கொரு பெயரில் பல கருவிகளைச் சேர்க்க முடிகிறதா, பள்ளி நாளுக்கு ஒன்று விடுமுறைக்கு ஒன்று என அட்டவணை போட முடிகிறதா, பரீட்சை நேரத்தில் ஒரு தட்டலில் நிறுத்த முடிகிறதா என்று பார்ப்பதே பயன். இங்கும் ஒரு பொறி உண்டு. ரவுட்டர் ஒரு கருவியை அடையாளம் காண்பது அதன் மேக் முகவரியை, அதாவது எக்ஸ்டெண்டர் விஷயத்தில் பார்த்த அடையாள எண்ணை, வைத்து. 2019-இன் ஆண்ட்ராய்டு 10, 2020-இன் ஐஓஎஸ் 14 முதல் போன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டுகின்றன. கடைகளும் விமான நிலையங்களும் ஆளைப் பின்தொடராமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடுதான். வீட்டிலோ, வைஃபை அமைப்பில் ஒரு விருப்பத்தை மாற்றினால் போதும், பிள்ளையின் போன் ரவுட்டருக்குப் புது விருந்தாளியாகிவிடும், விதிகள் பழைய முகவரியோடு நின்றுவிடும்.

இதற்கு எளிய மாற்று, பிள்ளைகளுக்குத் தனி வைஃபை பெயர். பெரியவர்களுக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு, பிள்ளைகளுக்கு வேறொன்று. நேர அட்டவணையையும் வடிகட்டியையும் கருவிமேல் வைக்காமல் அந்த இரண்டாவது பெயர்மேல் வைத்துவிட்டால், போன் எந்த முகமூடி போட்டாலும் கவலையில்லை. பல ரவுட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற வசதியே இதற்குப் போதும். தனி அட்டவணை போட அது இடம் தருகிறதா என்பதைத்தான் வாங்கும் முன் பார்க்க வேண்டும். புதிதாக இணையும் எந்தக் கருவியையும் பெற்றோர் ஒப்புதல் வரும்வரை நிறுத்திவைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. பெரியவர்களின் பாஸ்வேர்டைத் தாத்தாவின் போன் கியூஆர் கோடாகக் காட்டிவிடும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பேரன் கேட்டால் தாத்தா காட்டிவிடுவார்.

இவ்வளவும் செய்தாலும் பிள்ளையின் சிம் கார்டு இருக்கிறதே, ரவுட்டர் கட்டுப்பாடு எதற்கு என்பது இந்த வாதத்துக்கு வலுவான எதிர்ப்பு. டேட்டா இல்லாத ரீசார்ஜ் என்று ஒன்றே காணாமல் போயிருந்த காலத்தில் இதற்குப் பதில் சொல்வது சிரமமாக இருந்தது. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் விதிகளைத் திருத்தி, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டத்தை நிறுவனங்கள் கட்டாயம் தர வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அவை வந்துவிட்டன. டியூஷன் முடிந்து 'அம்மா, வந்து கூட்டிட்டுப் போ' என்று சொல்ல ஒரு போன் வேண்டும் என்பதுதான் தேவையென்றால் அந்த ரீசார்ஜ் போதும். பிள்ளையின் இன்டர்நெட் முழுவதும் வீட்டு வைஃபை வழியாகவே வரும். அப்போதுதான் மூலை அறை வரை சிக்னல் எட்டுவது சௌகரியம் என்ற நிலையிலிருந்து கட்டாயம் என்ற நிலைக்கு வருகிறது. வெளியிலும் டேட்டா வேண்டிய வயதுப் பிள்ளைக்கு ரவுட்டர் போதாது. கூகுளின் ஃபேமிலி லிங்க், ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் போன்ற, போனிலேயே உட்காரும் ஏற்பாடுகள்தான் பொருந்தும். அவையும் இலவசம். அப்படியானால் அவை மட்டும் போதாதா என்றால், போதாது. ஸ்மார்ட் டிவி, கேம் பெட்டி, பள்ளி கொடுத்த லேப்டாப், லீவுக்கு வந்த சித்தி மகனின் டேப்லட் என எல்லாவற்றிலும் அந்த ஆப்பைப் போட முடியாது. ரவுட்டர் யாருடைய கருவி என்று கேட்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தும்.

வடிகட்டிகள் பிள்ளைகளைக் காக்கின்றனவா என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு இன்டர்நெட் இன்ஸ்டிட்யூட்டின் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் விக்டோரியா நாஷும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பியக் குடும்பங்களின் தரவை வைத்து ஒரு கணக்குச் சொன்னது. ஒரு பிள்ளை ஆபாசக் காட்சியைக் காணாமல் தடுக்க 17 முதல் 77 வீடுகள் வடிகட்டி போட வேண்டியிருக்கும். வடிகட்டியின் பலன் அவ்வளவு சொற்பம். இதைப் படித்துவிட்டு எதுவுமே வேண்டாம் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அந்த ஆய்வு பேசுவது பதின்பருவத்தினரைப் பற்றி. ஆறு ஏழு வயதுக் குழந்தை எழுத்துப்பிழையோடு எதையோ தட்டி எதிலோ போய் விழுவதைத் தடுப்பது வேறு. அது தேடிக்கொண்டு போவதில்லை, தவறி விழுகிறது. அந்த வயதுக்கு இலவச டிஎன்எஸ் வடிகட்டி போதுமானது. பதினைந்து வயதுக்கு எந்த வடிகட்டியும் போதாது. ஆண்டுதோறும் சந்தா கேட்கும் 'பிரீமியம்' பேரண்டல் கன்ட்ரோல் இந்த இரண்டுக்கும் நடுவே எதை விற்கிறது என்று யோசித்தால், பெரும்பாலும் பெற்றோரின் மன நிம்மதியைத்தான். அத்தோடு பிள்ளை எந்தெந்தத் தளத்துக்குப் போனது என்ற பட்டியலையும் தருவார்கள். அந்தப் பட்டியல் பெற்றோரின் போனுக்கு மட்டும் வருவதில்லை, நிறுவனத்தின் சர்வரிலும் தங்கலாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. அந்த ஆப்பில் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டுகிறவரும் அதே பெற்றோர்தான். நேர அட்டவணை எல்லோருக்கும் தெரிந்த வீட்டு விதி. பார்வைப் பட்டியல் ஒட்டுக்கேட்பது. இரண்டாவது தெரியவரும் நாளில் முதலாவதன் மரியாதையும் போய்விடும்.

ஆக, சந்தா இல்லாமலே அட்டவணையும் பிள்ளை வாரியான நிறுத்தமும் தருகிற ரவுட்டரைத்தான் எடுக்க வேண்டும். எந்தெந்த வசதி இலவசம், எது சந்தாவுக்குள் என்பது பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் பக்கத்தைப் பார்த்துவிடுவது மேல். எத்தனை ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு தருவார்கள் என்பதையும் அங்கேயே தேட வேண்டும். 2018 மே மாதம் சிஸ்கோவின் டாலோஸ் குழு விபிஎன்ஃபில்டர் என்ற தீம்பொருளை அம்பலப்படுத்தியபோது 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகள் அதன் பிடியில் இருந்தன. பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த சாதாரண ரவுட்டர்கள். தானாகவே புதுப்பித்துக்கொள்ளாத ரவுட்டர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து வாங்குவது நம் ஊருக்குப் பொருந்தும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், மெஷ்ஷின் இரண்டாவது பெட்டி மூன்றுமே ஓடினால்தான் மாடி அறையில் வைஃபை வரும். ஒன்று அணைந்தாலும் பிள்ளை மறுபடி டேட்டாவுக்குத் தாவிவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கலாம். ஆனால் ரவுட்டரின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போக வேண்டும், எல்லா ரவுட்டரும் 12 வோல்ட் அல்ல. மெஷ் வாங்குகிறவர்கள் மூன்று பெட்டி கொண்ட தொகுப்பை முதலிலேயே எடுத்துவிடாமல் இரண்டோடு தொடங்கிப் பார்க்கலாம். பிறகு ஒன்றைச் சேர்ப்பது எளிது, திருப்பிக் கொடுப்பதுதான் கடினம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் அதே ஆப்போடு, அதே மேஜை, அதே கட்டில், அதே மூடிய கதவு என்று ஒரு முறை அளந்துவிடுங்கள். மைனஸ் 67-க்குள் வரவில்லையென்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடலாம்.